அண்ணன் மகனும் ஆளுயரச் சாவியும்

அந்தச் சாவி என் உயரத்துக்கு இருந்தது. தெர்மாகோலில் வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வேலூரில் ஒரு கார் விற்பனைக் கூடத்தில், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அதை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தது. பளபளப்பான துணி போர்த்தியிருந்த காரை, மூன்று எண்ணி, திரை விலக்கினார்கள். வண்ணக் காகிதத் துண்டுகள் வெடித்துச் சிதறின. எல்லோரும் கைதட்ட, அந்த வீட்டுப் பாட்டி மட்டும் குனிந்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்றா என்று எண்ணிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நின்ற அண்ணன் மகன் காரைப் பார்க்கவில்லை, சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைக் கவனித்தேன். ஆனால் எதுவும் விளங்கவில்லை.

அவனுக்கு வயது 24. ராணிப்பேட்டை சிப்காட்டில் காலணி ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 34,000 ரூபாய் வருகிறது. சத்துவாச்சாரியிலிருந்து நெடுஞ்சாலையில் பைக்கில் போய்வருகிறான். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் வீட்டில் பேச்சு சூடு பிடித்தது. நம் ஊரில் ஒருவன் கார் வாங்கப் போகிறான் என்று தெரிந்தால் போதும், தெருவே நிபுணர் குழுவாகிவிடும். அண்ணிக்கு முழங்கால் வலி, அதோடு, "நாளைக்குப் பெண் பார்க்கப் போனால் பஸ்ஸிலா போய் இறங்குவது?" என்ற கேள்வியும் உண்டு. அண்ணியின் தம்பி, பழைய வண்டி என்பது அடுத்தவன் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது என்றார். அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. "கடன் என்று ஒன்று வந்தால்தான் பையனுக்குப் பொறுப்பு வரும்" என்று மட்டும், மாதத்துக்கு ஒரு முறை, தண்ணீர் வரி கட்டுவதைப் போலச் சொல்லிவைப்பார். பையன் கடைசியில் என்னிடம் வந்தான். "அத்தை, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்."

கணக்குப் போடு என்று என்னிடம் சொல்வது, குழந்தையிடம் கரும்பைக் கொடுத்துத் தின்னச் சொல்வது மாதிரி. இருபத்தேழு ஆண்டுகளாக மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன்.

பதினேழு வரி

அன்றிரவே நான்காக மடிக்கும் கோடு போட்ட தாளில் எழுதினேன். பதினேழு வரி வந்தது. அவன் விரும்பிய வண்டியின் விற்பனைக் கூட (எக்ஸ்-ஷோரூம்) விலை 8,20,000. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். அது மட்டுமே 1,06,600 ரூபாய். காப்பீடு, பதிவு, விரிப்பு, மண்தட்டு எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும்போது 9,80,000. அவனிடம் சேமிப்பு 1,80,000. மீதி எட்டு லட்சம் கடன். ஒன்பது சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் மாதத் தவணை 12,871. ஏழாவது ஆண்டு முடியும்போது வட்டி மட்டும் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும். ஐந்தே ஆண்டில் முடித்துவிடலாம் என்றால் வட்டி இரண்டு லட்சத்துக்குள் அடங்கும். ஆனால் தவணை 16,600 ஆகிவிடும். விற்பனைக் கூடத்தில் ஏழு ஆண்டுத் தவணையைத்தான் முதலில் சொல்வார்கள். சின்ன எண் காதுக்கு இனிமை.

பிறகு என் சொந்தப் பாடம். பிளஸ் ஒன் புத்தகத்தில் தேய்மானத்துக்கு நேர்கோட்டு முறை என்றும், குறைந்து செல் மதிப்பு முறை என்றும் இரண்டு உண்டு. இரண்டாவது முறையில் சொத்தின் மதிப்பு எத்தனை ஆண்டானாலும் பூஜ்ஜியத்தைத் தொடாது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு பிள்ளையாவது, "அப்படியென்றால் இயந்திரம் சாகாதா டீச்சர்?" என்று கேட்பான். கார் விஷயத்தில் காப்பீட்டுக்காரர்களுக்குத் தனி அட்டவணை இருக்கிறது: ஓராண்டு தாண்டினால் 20 சதவீதம் கழிவு, நான்காண்டு தாண்டினால் 50 சதவீதம். அந்தக் கணக்குப்படி முதல் ஆண்டு முடிந்த மறுநாள் இவன் வண்டியின் மதிப்பு 6,56,000. அதே நாளில் இவன் வங்கிக்குத் தர வேண்டிய அசல் 7,14,000. அதாவது வண்டியை விற்றாலும் கடன் தீராது. அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன். போட்டபோது ஒரு மகிழ்ச்சி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கடைசி மூன்று வரிகள் மாதச் செலவு. நாள் ஒன்றுக்கு நாற்பது கிலோமீட்டர், மாதம் 25 நாள், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் பெட்ரோல் 6,300. காப்பீட்டுக்கும் சர்வீஸுக்கும் மாதம் 2,500 எடுத்து வைக்க வேண்டும். தவணையும் சேர்ந்தால் 21,671. வீட்டுக்குத் தரும் பத்தாயிரம் போக, 34,000 சம்பளக்காரன் கையில் 2,329 ரூபாய் நிற்கும். பதினேழாவது வரி அதுதான்.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை விற்பனைக் கூடத்துக்குப் போனேன். அங்கே ஓர் இளைஞர், பையனை "சார்" என்றும் அண்ணனை "அப்பா" என்றும் என்னை "மேடம்" என்றும் அழைத்து, ஒரு நிமிடத்தில் எங்கள் குடும்பத்தின் பதவி வரிசையையே மாற்றி அமைத்தார். இன்னும் ஒன்றே கால் லட்சம் போட்டால் சன்ரூஃப் வைத்த வண்டி கிடைக்கும் என்றார். வேலூரில்! மே மாதத்தில் ஜன்னலுக்குத் திரை போதாமல் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, மாடியில் தண்ணீர் தெளித்து, கத்திரி வெயிலுக்குப் பயந்து வாழ்கிற ஊரில், தலைக்கு மேல் கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே அழைக்க ஒன்றே கால் லட்சம். அண்ணன் தலையை நிமிர்த்தி அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஒழுகாதா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து தாளை விரித்து வைத்து வகுப்பு நடத்தினேன். பையன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. "புரிகிறது அத்தை" என்றான். அந்த "புரிகிறது" எனக்குத் தெரிந்த ஒன்று. பாடம் புரியாத பிள்ளைகளும் சொல்வார்கள். பாடத்துக்கு வெளியே ஏதோ மனத்தில் ஓடும் பிள்ளைகளும் சொல்வார்கள்.

என் தாளில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஆகஸ்டில் ஒரு மாலை மழையில், சர்வீஸ் சாலையில் மணல் படிந்த இடத்தில் அவன் பைக் சறுக்கியது. முழங்கையில் தோல் போனதோடு சரி. ஆனால் பின்னால் வந்த லாரி பிரேக் போட்ட சத்தத்தை அவன் நடித்துக் காட்டியபோது அண்ணி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். இரவுப் பணி முடித்து, லாரிகளுக்கு நடுவே, இரண்டு சக்கரத்தில் வருகிறவனிடம் தேய்மானம் பேசுவது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அந்த லாரிச் சத்தத்தை எந்த வரியில் பற்று வைப்பது? இரண்டு வாரம் இதே யோசனை. வாங்காதே என்று சொன்னது சரிதானா என்று காலையில் ஒரு முடிவும் மாலையில் ஒரு முடிவுமாக இருந்தேன்.

திருவண்ணாமலைப் பாதை

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பையன் நண்பனின் காரை வாங்கிக்கொண்டு வந்தான். "ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்" என்றான். திருவண்ணாமலை போய்விட்டு வரலாம் என்று முடிவாயிற்று. பாதையை அண்ணனுக்காகத் தேர்ந்தெடுத்தோம். 1988இல் அரசு பஸ் டிரைவராகச் சேர்ந்து 34 ஆண்டு ஓட்டியவர். பெரும்பாலும் வேலூர் - திருவண்ணாமலைத் தடம். அவர் சேர்ந்தபோது பஸ்ஸின் பக்கவாட்டில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்று இருந்தது. இரண்டு ஊரும் ஒரே வட ஆற்காட்டில் இருந்தன. அடுத்த ஆண்டே மாவட்டத்தைப் பிரித்தார்கள். 1997இல் கழகத்தின் பெயரை மாற்றினார்கள். பாதை மட்டும் அவருக்கு மாறவில்லை. ஓய்வு பெற்றபின் அவர் சொன்ன ஒரே ஆசை, அந்தப் பாதையில் ஒரு தடவையாவது கண்ணை மூடித் தூங்கிக்கொண்டே போக வேண்டும் என்பது. 34 ஆண்டும் மற்றவர்கள் தூங்கியதைக் கண்ணாடியில் பார்த்தவர்.

தூங்கவில்லை. முன்னிருக்கையில் உட்கார்ந்து கணியம்பாடி வரை கையைக் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணமங்கலம் நெருங்கும்போது வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் வந்தது. பின்னாலிருந்து பார்த்தேன்: அண்ணனின் வலது கால் தானாக நீண்டு, கீழே விரித்திருந்த ரப்பர் மிதியை ஓங்கி அழுத்தியது. பையன் பிரேக் போடுவதற்கு அரை நொடி முன்னால். அதன்பின் போளூர் வரை அந்தக் கால் ஓயவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு நாய்க்கும், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியாது. கால் மட்டும் வேலையில் இருந்தது.

போளூரில் டீ குடிக்க நிறுத்தினோம். அண்ணன், தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்று பஸ் நிலையத்துக்குள் போய்விட்டார். அண்ணி முழங்காலை நீட்டிக்கொண்டு காரிலேயே இருந்தார். நானும் பையனும் டீக்கடை பெஞ்சில். அவன் கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"மாதம் 12,871 கட்ட வேண்டும் என்றால், ஏழு வருஷம் இந்த வேலையை விட முடியாது, இல்லையா அத்தை?"

"முடியாது. அதைத்தானே தாளில் எழுதியிருக்கிறேன்."

"அது நல்லதுதானே?"

புரியவில்லை எனக்கு. மெல்ல மெல்லச் சொன்னான். பெட்டியிலிருந்து எடுத்த ஷூவில் தையல் கோணலா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது அவன் வேலை. இரண்டு ஆண்டாக அடுத்தவர் வரைந்ததைப் பிழை பார்க்கிறான். அவனுக்கு வரைய வேண்டும். சென்னையில் காலணி வடிவமைப்பு படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. அதற்கு வேலையை விட வேண்டும். விட்டால் வீட்டுக்குப் பத்தாயிரம் நிற்கும். படித்து முடித்து இதே சிப்காட்டுக்கு இதே சம்பளத்துக்குத் திரும்பி வர வேண்டியும் இருக்கலாம். ஒவ்வோர் இரவும் இதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். "யோசித்து யோசித்துக் களைத்துவிட்டது அத்தை. காரை வாங்கிவிட்டால் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பா சொல்கிற பொறுப்பும் வந்துவிடும்."

என் கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. பதினேழு வரியும், இரண்டு கோடும். கடன் அவனைக் கட்டிப்போடும் என்பதைப் பெரிய கண்டுபிடிப்பாக நான் எழுதிக் காட்ட, அவன் அதற்காகவேதான் கடனைத் தேடிக்கொண்டிருந்தான். அந்த ஆளுயரச் சாவியைக் கண்கொட்டாமல் பார்த்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாவி திறப்பதற்கு மட்டுமா, பூட்டுவதற்கும்தானே.

திட்டியிருப்பேன். திட்ட வாய் வரவில்லை. காரணம் அவனில்லை, நான். காட்பாடி காந்தி நகரில் வீடு கட்ட 2004இல் கடன் எடுத்தேன். அடுத்த ஆண்டே சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக வருகிறீர்களா என்று கேட்டார்கள். மேலே ஆராய்ச்சிப் படிப்பும் படிக்கலாம். "வீட்டுக் கடன் இருக்கிறது" என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடன் இருக்கிறது என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதை மருத்துவச் சான்றிதழுக்குக்கூட இல்லை. யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. பதினைந்து ஆண்டு அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். புது ஊர், ஆங்கிலத்தில் பாடம், என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தவணை அந்தப் பயத்துக்குக் கௌரவமான பெயர் கொடுத்தது. 2019இல் கடன் அடைந்து பத்திரம் கைக்கு வந்த அன்று எல்லோரும் இனிப்பு சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும், சொல்வதற்குச் சாக்கு ஒன்று குறைந்துவிட்ட மாதிரி இருந்தது.

அண்ணனுக்கும் ஒன்று உண்டு. 1996இல் மஸ்கட்டில் டிரைவர் வேலைக்கு அழைப்பு வந்தது. என் கல்யாணத்துக்குச் சங்கத்தில் வாங்கிய கடன் அப்போது பாதிகூடத் தீரவில்லை. போகவில்லை. போக முடியவில்லையா, போக விரும்பவில்லையா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. "கடன் வந்தால் பொறுப்பு வரும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வேறு பக்கம் பார்க்கத் தோன்றும்.

டீக்கடை பெஞ்சில் இதையெல்லாம் அவனிடம் சொன்னேனா என்றால், வீட்டுக் கதையைப் பாதி சொன்னேன். பயம் என்ற சொல்லைச் சொல்ல இரண்டாவது டீ தேவைப்பட்டது. அவன் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அப்படியென்றால் வாங்க வேண்டாம் என்கிறீர்களா?" என்றான். வாங்கு, வாங்காதே என்பது இருக்கட்டும், முதலில் அந்தப் படிப்புக்கு விண்ணப்பத்தை எழுதிப் போடு, இடம் கிடைக்கவில்லை என்று பதில் வந்தபிறகு கார் வாங்கினால் அது கார். விண்ணப்பமே போடாமல் வாங்கினால் அது வேறு என்றேன். அவன் முகம் வாடியது. "நீங்கள் தாளில் போட்ட கணக்கே இதைவிட எளிது" என்றான். அதற்குள் அண்ணன் பஸ் நிலையத்திலிருந்து, யார் யாருக்கு மாறுதல், எந்தத் தடத்தில் புது பஸ் என்ற செய்திகளோடு திரும்பிவிட்டார். மாலையில் திரும்பும்போதும் தூங்கவில்லை.

பழைய வண்டிகள்

விண்ணப்பம் போட்டிருக்கிறான். அண்ணனிடம் சொன்னது நான்தான், அவர் நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "சென்னையில் தங்க எவ்வளவு ஆகும்?" என்றார். அவ்வளவுதான். பொறுப்பு வரும் வசனத்தை அதற்குப்பின் கேட்கவில்லை. இதனால் புதுக் கார் வாங்குகிற இளைஞர்கள் எல்லாம் எதையோ தவிர்க்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. என் பழைய மாணவி ஒருத்தி, 25 வயதில் தன் முதல் காரை வாங்கி, ரத்தினகிரிக்கு ஓட்டிப்போய்ப் பூசை போட்டுவிட்டு, எங்கள் வீட்டு வாசலில் வந்து ஒலி எழுப்பினாள். அவளிடம் எந்தத் தாளையும் நான் நீட்டவில்லை. அவள் காரைத்தான் பார்த்தாள்.

ஆனால் மழையும் லாரியும் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் கடன் இல்லாமல், அவன் சேமிப்பும் அண்ணன் தரும் ஒரு லட்சமும் சேர்த்து, 2,80,000க்குள் ஒரு பழைய வண்டி தேடுகிறோம். அவன் சென்னைக்குப் போனாலும் அண்ணியின் முழங்காலுக்கு ஆகும். இதில் அண்ணன்தான் ஆசான். அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எப்போது முடிகிறது, ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா, படிவம் 35 கொடுத்து நீக்கிவிட்டார்களா என்று பார்ப்பது என் வேலை. இன்ஜினைக் காலையில், சூடாவதற்கு முன்னால், எழுப்பிக் கேட்பது அவருடையது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

போன வாரம் ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் வெள்ளை நிற வண்டி ஒன்று பார்த்தோம். கழுவித் துடைத்து, உள்ளே வாசனை அடித்து, பையனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கிலோமீட்டரும் குறைவு. அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். வழக்கமாக மாட்டும் அளவோடு நிறுத்தவில்லை. உருளையிலிருந்து முழுவதும் வெளியே வரும்வரை இழுத்துக்கொண்டே போனார். கருப்பு நாடா பளபளவென்று வந்தது. கடைசி ஒரு சாண் இருக்கும்போது நிறம் மாறியது. குறுக்கே ஒரு கோடு. அதற்கு அந்தப் பக்கம் நாடா முழுக்க மெல்லிய பழுப்பு மண். ஆற்று மணல்போல் நறநறவென்று இல்லை, முகப்பவுடர் மாதிரி அத்தனை நைசாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அதில் ஒன்றாக இருக்கலாம், வேறு எங்காவது நின்றதாகவும் இருக்கலாம். விற்பவர் அருகில் வந்து, "அது வெறும் புழுதி" என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டை மெதுவாக உள்ளே விட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "அடுத்ததைக் காட்டுங்கள்" என்றார்.

விற்பனைக் கூடத்து இளைஞர் இன்னும் வாரம் ஒரு முறை என்னைக் கூப்பிடுகிறார். அன்று படிவத்தில் என் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தேன். பொங்கலுக்குச் சலுகை இருக்கிறதாம். ஆற்காட்டில் ஆறு வயதான வண்டி ஒன்று இருக்கிறதென்று பையனுடன் வேலை பார்க்கிறவர் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, இன்ஜின் சூடாவதற்கு முன்னால், போகிறோம். சன்ரூஃப் இல்லையாம்.